ரத்த வாந்தி, அல்சர் என்றார்கள், கடைசியில் வில்சன் நோய்: தங்கையையும் சோதிக்கச் சொல்கிறார்கள், என்ன செய்வது?

கானாடுகாத்தான்_அக்கா | திங்கள், இரவு 11.20

தூக்கம் வரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகனுக்கு 16 வயது. போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவன், வயிறு ஒரு மாதிரி இருக்கிறது என்று தாழ்வாரத்தில் படுத்தான். ஏழு மணி இருக்கும், எழுந்து வந்து வளவுத் தூணைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். மதியம் பீட்ரூட் பொரியல் கொடுத்து அனுப்பியிருந்தேன், அதுதான் என்று நினைத்தேன். இரண்டாவது தடவை கட்டி கட்டியாக வந்தது. ஆத்தங்குடிக் கல் முழுக்கப் பரவிவிட்டது. என் மாமியார்தான் "ரத்தம்டி" என்று கத்தினார். அவன் உதட்டைப் பார்த்தால் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது.

பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அல்சர், காரம் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றி, அமில மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து மூன்றாம் நாள் அனுப்பிவிட்டார்கள். வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றுக்குள் பார்க்கிற ஸ்கோப்பும் பார்க்கவில்லை, ஸ்கேனும் எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து பத்து நாளாக மலம் கறுப்பாகவே போனது. இரும்பு மாத்திரையால் என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம். பன்னிரண்டாம் நாள் மறுபடியும் ரத்த வாந்தி. மதுரைக்கு ஓடினோம். அந்த ஒன்றரை மணி நேரப் பயணத்தை இப்போது நினைத்தாலும் கை நடுங்குகிறது.

அங்கே ராத்திரியே ஸ்கோப் போட்டு, உணவுக்குழாயில் ரத்தக்குழாய்கள் புடைத்து வெடித்திருக்கின்றன என்று சொல்லி ரப்பர் வளையம் போட்டுக் கட்டினார்கள். மண்ணீரல் பெரிதாகியிருக்கிறது, பிளேட்லெட் 62,000 தான். கல்லீரல் சுருங்கியிருக்கிறது. குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டார்கள், பிள்ளைக்கு 16 வயது ஐயா என்றேன். பிறகு கண் டாக்டரிடம் அனுப்பினார்கள். கருவிழி ஓரத்தில் பழுப்பும் பச்சையுமாக ஒரு வளையம். எனக்கும் அந்தக் கருவியில் காட்டினார்கள். தினமும் பார்க்கிற கண், அதில் இப்படி ஒன்று இருந்ததே தெரியவில்லை. ரத்தத்தில் செம்பைச் சுமக்கும் புரதமாம், செருலோபிளாஸ்மின், அது 6, 24 மணி நேரச் சிறுநீரில் செம்பு 340. உடம்பில் செம்பு சேர்ந்துகொண்டே போகும் வில்சன் நோய் என்று சொல்லிவிட்டார்கள்.

9 வயதில் அவனுக்கு ஒரு காமாலை வந்தது. கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுத்தோம், இரண்டு வாரத்தில் சரியாகிவிட்டது. அதுவும் இதுவாகவே இருந்திருக்கலாம் என்கிறார்கள்.

இப்போது என் கேள்வி. மகள் ஒருத்தி இருக்கிறாள், 11 வயது, ஓடியாடிக்கொண்டு நன்றாக இருக்கிறாள். அவளையும் உடனே சோதிக்க வேண்டும் என்கிறார் டாக்டர். என் மாமியார் என் சொந்த அத்தைதான், நான் கட்டியிருப்பது அத்தை மகனை. "நல்லா இருக்கிற பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குடி நோயைத் தேடிப் போறே, நாளைக்கு யார் கட்டுவா" என்று அழுகிறார். அத்தையை எதிர்த்து நான் பேசினதே இல்லை. யாருக்காவது அனுபவம் உண்டா?

---

திருச்சி_ஸ்கோப்_டாக்டர் | திங்கள், இரவு 11.58

குடல், கல்லீரல் மருத்துவம் பார்க்கிறேன். உங்கள் மகனை நான் பார்த்ததில்லை, பொதுவாகச் சொல்கிறேன். மகளுக்கு இந்த வாரமே சோதனை செய்யுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

காரணம் இதுதான். ஏடிபி7பி என்று ஒரு மரபணு, 13-ஆவது குரோமோசோமில் இருக்கிறது. சாப்பாட்டில் வரும் செம்பில் மிஞ்சியதைக் கல்லீரல் பித்தத்தோடு வெளியே தள்ளுவது அதன் உதவியால்தான். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதியும் பழுதாக வந்தால் செம்பு வெளியேற வழியில்லை, பிறந்த நாளிலிருந்து கல்லீரலில் சேரும். பெற்றோரிடம் ஆளுக்கு ஒன்றுதான் பழுது, அதனால் நீங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்கிறீர்கள். கூடப் பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்த நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. மகள் ஓடியாடுவது ஆறுதல்தான், ஆனால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. உங்கள் மகனும் போன மாதம் வரை பள்ளிக்கூடம் போய்க்கொண்டுதானே இருந்தான்.

ரத்த வாந்தி ஏன் என்று பலருக்கும் புரிவதில்லை, அதனால் கொஞ்சம் விளக்குகிறேன். செம்பு சேர்ந்து சேர்ந்து கல்லீரல் தழும்பாகி இறுகிவிடுகிறது. குடலிலிருந்து வரும் ரத்தம் முழுக்க அதன் வழியாகத்தான் இதயத்துக்குப் போக வேண்டும். வழி அடைபடும்போது அழுத்தம் ஏறி, ரத்தம் வேறு சந்து தேடும். உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில் இருக்கும் மெல்லிய குழாய்கள் அப்படித்தான் புடைக்கின்றன, அழுத்த வித்தியாசம் 12 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தாண்டினால் வெடிக்கலாம். மண்ணீரலில் ரத்தம் தேங்கி அது வீங்கும், பிளேட்லெட்டுகள் அதற்குள் சிக்கிக்கொள்ளும். 62,000 என்ற எண் அன்றைக்கே எல்லாவற்றையும் சொல்லியிருக்கும். ரத்தம் வந்த இடம் உணவுக்குழாய், கோளாறு கல்லீரலில், அதன் வேர் மரபணுவில். அமில மாத்திரை இதில் எதையும் தொடாது.

வில்சன் நோய் முதன்முதலில் ரத்த வாந்தியாகத் தலைகாட்டுவது குறைவு. காமாலை, கால் வீக்கம், கை நடுக்கம், கையெழுத்து கெடுவது, படிப்பில் திடீரெனப் பின்தங்குவது, இப்படித்தான் பெரும்பாலும் வருவார்கள். நம் நாட்டில் சின்னப் பிள்ளை ரத்த வாந்தி எடுத்தால் கல்லீரலுக்குள் போகும் போர்ட்டல் ரத்தக்குழாய் அடைப்பைத்தான் முதலில் நினைப்போம், அதுதான் அதிகம். ஆனால் கல்லீரல் சுருங்கியிருந்தால் செம்பைத் தேடியே ஆக வேண்டும்.

---

பள்ளத்தூர்_பெரியவர் | செவ்வாய், காலை 6.15

அம்மாடி, படிக்கவே மனசு பதறுது. டாக்டர் தம்பி, ஒரு சந்தேகம். நம் பக்கத்து வீடுகளில் சீருக்கு வந்த செம்பும் பித்தளையும் அறை அறையாக இருக்கிறது. நாங்கள் இன்னும் செம்புக் குடத்துத் தண்ணீர்தான் குடிக்கிறோம், உடம்புக்கு நல்லது என்று டிவியிலும் சொல்கிறார்கள். அதனால்தான் இந்தப் பிள்ளைக்கு வந்ததா?

---

திருச்சி_ஸ்கோப்_டாக்டர் | செவ்வாய், காலை 7.40

பாத்திரத்தால் வில்சன் நோய் வராது ஐயா. அது பிறப்போடு வருவது. எவர்சில்வரில் மட்டும் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைக்கும் வரும். ஆனால் நோய் இருக்கிற பிள்ளைக்குச் செம்புக் குடத்துத் தண்ணீர் கூடாது, ஈயம் பூசாத செம்பு, பித்தளையில் புளி, தயிர், எலுமிச்சை சேர்ந்த எதையும் வைத்துக் கொடுக்கக் கூடாது.

பாத்திரத்தோடு தொடர்புள்ள நோய் வேறொன்று இருந்தது. கைக்குழந்தைகளின் கல்லீரலைச் சுருக்குகிற நோய், இந்தியக் குழந்தைப் பருவக் கல்லீரல் சுருக்கம் என்றே அதற்குப் பெயர். பித்தளையிலும் செம்பிலும் பாலைக் காய்ச்சி வைத்துப் பச்சிளம் குழந்தைக்குப் புகட்டினதுதான் காரணமாக இருக்கலாம் என்று 1983-இல் லான்செட் மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. பாத்திரம் மாறியதும் அந்த நோயும் ஏறக்குறைய மறைந்துவிட்டது. நம் வீடுகளில் ஈயம் பூசுபவர் தெருவுக்கு வந்து, கொல்லையில் குழி தோண்டி, துருத்தி ஊதிப் பூசிவிட்டுப் போவாரே, அதற்கு எவ்வளவு பெரிய அர்த்தம் இருந்தது என்று இப்போது தெரிகிறது.

---

புதுவயல்_சோளமாவு | செவ்வாய், காலை 10.05

அக்கா, என் மகளுக்கு வேறு நோய், ஆனால் அதுவும் பிறப்போடு வரும் கல்லீரல் நோய்தான். கிளைகோஜன் சேமிப்புக் கோளாறு, முதல் வகை. கல்லீரலில் சர்க்கரையைச் சேமிக்கும், வெளியே விடத் தெரியாது. மூன்று மணி நேரம் சாப்பிடாவிட்டால் ரத்தச் சர்க்கரை இறங்கிவிடும். 1984-இல் கண்டுபிடித்த வைத்தியம்தான் இன்றைக்கும் நடக்கிறது, வேகவைக்காத சோளமாவைத் தண்ணீரில் கலக்கிக் கொடுப்பது. ராத்திரி ரெண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து கொடுக்கிறேன், ஏழு வருஷமாக.

இவளுக்கும் ரத்தம் வரும். மூக்கில் வந்தால் அரை மணி நேரம் நிற்காது, ஒரு தடவை மலத்தில் வந்தது. பிளேட்லெட் எண்ணிக்கை சரியாகவே இருக்கும், ஆனால் அவை ஒட்டாது என்றார்கள். சர்க்கரை அளவை ஒழுங்காகப் பிடித்து வைத்தால் அதுவும் சரியாகிவிடுமாம், எங்களுக்கு அப்படித்தான் குறைந்தது. இதிலேயே 1பி என்று ஒரு வகை இருக்கிறது, வெள்ளை அணுவும் குறைந்து, குடலெல்லாம் புண்ணாகி ரத்தம் போகும். சர்க்கரை நோய்க்காரர்கள் சாப்பிடுகிற எம்பாக்ளிஃப்ளோசின் அந்தப் பிள்ளைகளுக்கு வேலை செய்கிறது என்று 2020-இல் கண்டுபிடித்தார்கள். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு அம்மா அதைச் சொல்லி அழுதார், வருஷக்கணக்காகக் குடல் புண்ணோடு கிடந்த பையன் அவர் மகன்.

சொல்ல வந்தது என்னவென்றால், சின்னப் பிள்ளைக்கு ரத்தம் கசிந்தால் "சூடு" என்று சொல்லி வெந்தயம் ஊற வைத்துக் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். நானும் ஒரு வருஷம் அப்படித்தான் இருந்தேன். உங்கள் மகளைச் சோதியுங்கள் அக்கா. அத்தையிடம் நான் வேண்டுமானாலும் பேசுகிறேன்.

---

தேவகோட்டை_ரஸ்தா | செவ்வாய், இரவு 9.30

எனக்கே வில்சன் நோய்தான். 31 வயது. 13 வயதில் தெரிந்தது. என் அண்ணனுக்குத் தெரியவே இல்லை. அவன் 15 வயதில் காமாலையில் போய்ச் சேர்ந்தான், நாலே நாள். அவன் போன பிறகுதான் ஒரு டாக்டர் என்னையும் சோதிக்கச் சொன்னார். அவன் உயிரோடு இருக்கும்போதே யாராவது செருலோபிளாஸ்மின் என்ற வார்த்தையைச் சொல்லியிருந்தால் இன்றைக்கு அவனுக்கு 33 வயது. இதற்கு மேல் உங்கள் அத்தையிடம் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை அக்கா.

மாத்திரை பற்றிச் சொல்கிறேன், அது உங்கள் மகனுக்கு வேண்டும். செம்பைச் சிறுநீரில் வெளியேற்றும் பெனிசிலமைனை வெறும் வயிற்றில் போட வேண்டும், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் அல்லது இரண்டு மணி நேரம் பின்னால். கூடவே பி6 மாத்திரை. 1956-இல் ஜான் வால்ஷ் என்ற டாக்டர் கொண்டுவந்த மருந்து, அதற்கு முன்னால் இந்த நோய் வந்தவர்கள் பிழைத்தது அபூர்வம். நான் கல்லூரியில் படிக்கும்போது, விடுதியில் எல்லாரும் கேட்கிறார்களே என்ற கூச்சத்தில் எட்டு மாதம் நிறுத்திவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை, நன்றாகத்தான் இருந்தேன். பிறகு ஒரு நாள் கழிப்பறையில் பார்த்தால் தார் ஊற்றினமாதிரி மலம், நாற்றம் தாங்கவில்லை, எழுந்தவன் அங்கேயே விழுந்துவிட்டேன். ஐந்து தடவை வளையம் போட்டார்கள். நிறுத்தினால் கல்லீரல் மொத்தமாகவே கைவிட்டுவிடும், மாற்றுக் கல்லீரல் வரை போனவர்களும் உண்டு. மகன் வெளியூரில் படிக்கப் போகும் நாளில் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. பிறகு எனக்கு ஜிங்க் மாத்திரைக்கு மாற்றினார்கள். குடலிலேயே செம்பைப் பிடித்து வைக்கும், நல்ல மருந்துதான். ஆனால் ஜிங்க் சல்பேட் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, மேல்வயிற்றில் எரிச்சல், மறுபடியும் கறுப்பு மலம். பழைய இடத்தில்தான் வெடித்துவிட்டது என்று நடுங்கிப் போனேன். ஸ்கோப்பில் பார்த்தால் இரைப்பையில் புண், மாத்திரையால் வந்தது. ஜிங்க் அசிடேட்டுக்கு மாற்றினார்கள், சரியாகிவிட்டது. எல்லாக் கறுப்பு மலமும் ஒரே காரணத்தால் வருவதில்லை, அதனால் ஒவ்வொரு தடவையும் போய்ப் பார்த்தே ஆக வேண்டும்.

---

கானாடுகாத்தான்_அக்கா | செவ்வாய், இரவு 11.10

தம்பி, உங்கள் பதிவை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். எதுவும் பேசவில்லை, எழுந்து சாமி அறைக்குப் போய்விட்டார்.

டாக்டர், இன்னும் ஒரு கேள்வி. மகன் வெளுத்துப் போயிருக்கிறான் என்று நான் மூன்று வாரமாக வாரத்தில் மூன்று நாள் ஈரல் வறுவலும் சுவரொட்டியும் (ஆட்டு மண்ணீரல்) செய்து கொடுத்தேன். ரத்தம் ஊறும் என்றுதானே கொடுப்போம். நான் விஷத்தையா ஊட்டினேன்?

---

திருச்சி_ஸ்கோப்_டாக்டர் | புதன், காலை 7.05

இல்லை அம்மா, அப்படி நினைக்காதீர்கள். 16 வருஷம் சேர்ந்த செம்பில் மூன்று வார ஈரல் பெரிய பங்கு இல்லை. இனிமேல் வேண்டாம், அவ்வளவுதான். செம்பு அதிகம் உள்ளதில் முதல் இடம் ஈரலுக்குத்தான். நண்டு, இறால், சிப்பி, முந்திரி, நிலக்கடலை, எள், காளான், சாக்லேட், இவையெல்லாம் முதல் ஒரு வருஷமாவது ஒதுக்கி வையுங்கள். சோறு, இட்லி, பால், கோழி, முட்டை, காய்கறி தாராளமாகக் கொடுக்கலாம். சாப்பாட்டுக் கட்டுப்பாடு மாத்திரைக்குப் பதிலாகாது, மாத்திரைதான் உயிர்.

வளையம் போட்ட முதல் சில நாள் கெட்டியாக, மொறுமொறுப்பாக எதுவும் கூடாது. கட்டின இடம் புண்ணாகித்தான் ஆறும், அதில் உரசினால் மறுபடியும் ரத்தம் வரலாம். சீப்புச் சீடை, முறுக்கு டப்பாவை எல்லாம் மேலே எடுத்து வைத்துவிடுங்கள். தலைவலி, கால்வலி என்று கடையில் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரூஃபென், ஆஸ்பிரின் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். மறுபடியும் ரத்த வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதுவும் கொடுக்காமல், 108-ஐக் கூப்பிட்டு, ஸ்கோப் வசதி இருக்கிற இடத்துக்கே நேராகப் போங்கள். நடுவில் எங்கேயும் நிறுத்தி நேரத்தை விடாதீர்கள்.

---

காரைக்குடி_லேப்_அக்கா | புதன், பகல் 1.20

மகளின் சோதனைக்கு ஒரு நடைமுறை விஷயம். 24 மணி நேரச் சிறுநீர் சேகரிப்பதில்தான் பாதிப் பேர் தவறு செய்கிறார்கள், பிறகு முடிவு குழப்பமாக வருகிறது. காலை 6 மணிக்கு முதல் சிறுநீரைக் கழிப்பறையிலேயே போகவிடுங்கள். அதற்குப் பிறகு ஒரு சொட்டுகூட விடாமல், மறுநாள் காலை 6 மணிச் சிறுநீர் வரை சேர்த்து, லேப்பில் கொடுக்கிற பிளாஸ்டிக் கேனில் மட்டும் ஊற்றுங்கள். பிடிப்பதும் பிளாஸ்டிக் குவளையில்தான். போன வருஷம் ஒரு வீட்டில் பித்தளைச் சொம்பில் பிடித்து ஊற்றிக்கொண்டு வந்தார்கள், எண் எகிறிவிட்டது, அந்தக் குழந்தைக்கு நோயே கிடையாது. பள்ளிக்கு விடுமுறை நாளாகப் பார்த்துச் செய்யுங்கள், பெண் பிள்ளை பள்ளியில் கேனைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது.

---

திருச்சி_ஸ்கோப்_டாக்டர் | புதன், பகல் 2.10

மிகச் சரி. கூடவே இதையும் சொல்லிவிடுகிறேன், கண்ணில் வளையம் இல்லை என்றால் நோய் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். கல்லீரல் மட்டும் பாதித்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு வளையம் இருக்காது, சின்னப் பிள்ளைகளிடம் வளையம் தெரிவது இன்னும் குறைவு. செருலோபிளாஸ்மின் 20-க்குக் கீழே இருந்தாலே நோய் என்றும் முடிவு கட்ட முடியாது, ஒரு பிரதி மட்டும் பழுதான, நோய் இல்லாதவர்களுக்கும் சில நேரம் அப்படி இருக்கும். மகனுக்கு மரபணுச் சோதனை செய்து எந்த இடத்தில் பழுது என்று தெரிந்தால், மகளுக்கு அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும், தெளிவாகச் சொல்லிவிடலாம்.

---

குன்றக்குடி_கீழவீதி | புதன், இரவு 8.45

கல்யாண விஷயத்தை யாரும் பேசவில்லை, உங்கள் மாமியார் ஆச்சி கேட்டது அதைத்தானே. நான் அத்தை மகனைக் கட்ட இருந்தவள், அவர்கள் வீட்டில் இந்த நோய் தெரிந்ததும் இரண்டு பேரும் சோதித்துக்கொண்டோம், இரண்டு பேரிடமும் ஒரு பழுதுப் பிரதி இருந்தது. உட்கார்ந்து பேசிக் கல்யாணத்தை நிறுத்திக்கொண்டோம். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை, இன்றைக்கும் அத்தை வீட்டு விசேஷத்துக்குப் போய் வருகிறேன். இப்போது வெளியில் கட்டி இரண்டு பிள்ளைகள். நோய் இருக்கிற ஒருவர் உறவில்லாத இடத்தில் கட்டினால் பிள்ளைக்கு நோய் வர 200-இல் ஒன்று அளவுதான் வாய்ப்பு என்று அப்போது எங்களுக்கு விளக்கினார்கள். மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிற பெண்கள் பிள்ளை பெற்று வளர்க்கிறார்கள். ஆச்சி, கல்யாணத்துக்குப் பெண் உயிரோடு வேண்டுமே. மன்னித்துக்கொள்ளுங்கள், வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

---

கானாடுகாத்தான்_அக்கா | ஆறு வாரம் கழித்து, ஞாயிறு, காலை 8.30

எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்று வந்தேன்.

மகளுக்குச் செருலோபிளாஸ்மின் 9. சிறுநீரில் செம்பு 88. கண்ணில் எதுவும் இல்லை, ஸ்கேனில் கல்லீரல் நன்றாக இருக்கிறது, மண்ணீரலும் சரியான அளவு. மரபணு முடிவு நேற்று வந்தது. அண்ணனுக்கு இருக்கிற அதே பழுது, அவளுக்கும் இரண்டு பிரதியிலும்.

ஒரு நாள் முழுக்க அழுதேன். மதுரை டாக்டர் சொன்னார், உங்கள் மகனை இந்தக் கட்டத்தில் பிடித்திருந்தால் அந்தத் தூணைப் பிடித்துக்கொண்டு அவன் நின்றிருக்கவே மாட்டான் என்று. அவளுக்கு ஜிங்க் அசிடேட் ஆரம்பித்தாகிவிட்டது, மூன்று வேளை. அவனுக்கு இரண்டு தடவை வளையம் போட்டாகிவிட்டது, அடுத்தது இந்த மாதக் கடைசியில். அந்த ரத்தக்குழாய் அழுத்தத்தைக் குறைக்க ப்ராப்ரனலால் மாத்திரையும் கொடுக்கிறார்கள். பிளேட்லெட் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் வெளுப்பு போய்விட்டது, நேற்று தங்கையோடு சண்டை போடுகிற அளவுக்குத் தெம்பு வந்திருக்கிறது.

அத்தை இரண்டு செம்புக் குடத்தையும் மேல்மாடி அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, சாவியைத் தன் இடுப்பிலேயே சொருகி வைத்திருக்கிறார். விடிகாலை ஐந்தரைக்கு அவர்தான் எழுந்து அவனை எழுப்பி மாத்திரை கொடுக்கிறார், தாழ்வாரத்துக் கடிகாரத்தைப் பார்த்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காப்பி கொடுக்க விடுகிறார். என் கொழுந்தனார் பிள்ளைகள் இரண்டு பேரையும் அடுத்த சனிக்கிழமை சோதனைக்குக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார், போனில் அத்தையே பேசினார்.

தேவகோட்டைத் தம்பி, ஒன்று கேட்க வேண்டும். பள்ளியில் மதியம் ஜிங்க் போட்டால் இவளுக்குக் குமட்டுகிறது. நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

---

தேவகோட்டை_ரஸ்தா | ஞாயிறு, காலை 9.05

அக்கா, எனக்குக் காலையில் முதல் வேளைதான் அதிகம் குமட்டும். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, மாத்திரையோடு அவித்த முட்டை ஒரு துண்டோ, கொஞ்சம் கோழியோ சாப்பிட்டேன், அடங்கிவிட்டது. மதிய வேளையைச் சாப்பாட்டிலிருந்து தள்ளி, பதினொன்றரை மணி இடைவேளைக்கு மாற்ற முடியுமா என்று அவரிடமே கேளுங்கள். வகுப்பு ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். இது எதற்கு என்று தோழிகள் கேட்டால் பயப்படாமல் பதில் சொல்ல இப்போதே பழக்கிவிடுங்கள், எனக்கு அது யாரும் சொல்லித்தரவில்லை.